உண்ண மறுக்கும் நோயும் மீளும் வழியும்

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில் நடந்தது இது. என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். முதல் பெஞ்சில் உட்காருவாள். கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் கண் கலங்கிவிடுவாள். அவ்வாண்டுத் தவக்காலம் தொடங்கியதும், மதிய உணவைத் தொடாமல் டிபன் பாக்ஸை அப்படியே கீழ் வகுப்பு ஏழைச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்து வந்தாள். செய்தி என் காதுக்கு எட்டியது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிறுத்தி, "ஒறுத்தல் என்றால் இதுதான்" என்று பாராட்டினேன். வகுப்பே கை தட்டியது.

உயிர்ப்புத் திருநாள் வந்தது, போயிற்று. அவளோ மதியம் சாப்பிடத் தொடங்கவில்லை. ஏப்ரல் வெயிலில் மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் குளிருகிறது என்று தாவணியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். "இளைத்து அழகாகிவிட்டாயே!" என்று ஆசிரியைகள் சிலர் மெச்சினார்கள். கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரம், காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர் உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். அன்று அவளுடைய தாயார் என்னிடம் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "பள்ளிக்கூடத்துல மத்தியானம் சாப்பிடுறதே இல்லையாமே டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாராட்டினேன்.

நோயை நற்குணம் என்று எண்ணிக் கை தட்டிய அந்தத் தவறு மற்றொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த மாணவி இன்று நலமாக இருக்கிறாள். அவளும் அவள் தாயாரும் இசைவு தந்த பின்னரே இதைச் சொல்கிறேன்.

இது என்ன நோய்?

உணவோடும் உடலோடும் ஒருவருக்குள்ள உறவு கெட்டு, அதனால் உடலும் உள்ளமும் ஒருங்கே நலிவதை உண்ணல் கோளாறு என்கிறார்கள். இதில் மூன்று வகைகளை முக்கியமாகச் சொல்லலாம்.

முதலாவது, அனோரெக்சியா நெர்வோசா. இந்நோய் கண்டவர் உணவை வரவரக் குறைத்துக்கொண்டே போவார். எலும்பும் தோலுமாக ஆன பிறகும், எடை கூடிவிடுமோ என்ற அச்சம் அவரை விடாது.

இரண்டாவது, புலிமியா நெர்வோசா. இதில் ஒருவர் தம்மைக் கட்டுப்படுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் மிக அதிகமாக உண்டுவிடுகிறார். பிறகு வெட்கமும் அச்சமும் கொண்டு, உண்டதை ஈடுகட்டத் தம் உடலுக்குத் தீங்கான வழிகளில் இறங்குகிறார். எடை பெரிதும் மாறாமல் இருப்பதால் வீட்டிலுள்ளவர்களுக்கே ஆண்டுக்கணக்கில் தெரியாமற் போவதுண்டு.

மூன்றாவது, மிதமிஞ்சி உண்ணும் கோளாறு. இங்கே ஈடுகட்டும் செயல் இல்லை. ஆனால் வேதனையும் மறைவில் உண்பதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது 2013-ஆம் ஆண்டில்தான். அதுவரை இவர்களை வெறும் 'பெருந்தீனிக்காரர்' என்று உலகம் ஏசிக்கொண்டிருந்தது.

இந்நோய்கள் பெண்களிடம் மிகுதி என்றாலும் ஆண்பிள்ளைகளுக்கும் வருகின்றன. ஒல்லியானவர், பருமனானவர் எவருக்கும் வரலாம். ஆகவே பார்த்த மாத்திரத்தில் 'இவளுக்கு நோய் இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இக்கட்டுரையில் இத்தனை கிலோ என்ற கணக்கு எதையும் நான் தரவில்லை. இந்நோயில் எண்களே முள்ளாகக் குத்தும். அவற்றோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை எந்த மாணவிக்கும் வரவேண்டாம்.

பழைய நோய்

இது சினிமாவும் கைப்பேசியும் கொண்டுவந்த புதிய நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. 1689-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எலும்புருக்கி நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் காய்ச்சலோ இருமலோ இல்லாமல், உண்ண மனமின்றி உருகிப்போன இருவரைக் குறிப்பிடுகிறார். ஒருத்தி பதினெட்டாம் வயதில் நோயுற்ற பெண். இரவும் பகலும் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தவள். மருந்துகளை மறுத்த அவள் இறந்துபோனாள். மற்றவன் பதினாறு வயதுச் சிறுவன். படிப்பை விட்டுச் சிலகாலம் கிராமக் காற்றில் இருக்கச் செய்து, பால் உணவு கொடுத்ததில் அவன் பெரிதும் தேறினான்.

1873-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லாசேக் என்பவரும் லண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். இன்று வழங்கும் அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை நிலைநாட்டியவர் கல். அனோரெக்சியா என்றால் பசியின்மை என்று பொருள். ஆனால் அது பொருந்தாத பெயர். உண்மையில் இவர்கள் பசியில்லாதவர்கள் அல்லர். பசியோடு இரவும் பகலும் போராடுகிறவர்கள்.

லாசேக் நோயாளியை மட்டும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்த்தார். வீட்டாருக்குத் தெரிந்த வழிகள் இரண்டே என்றார்: ஒன்று கெஞ்சுவது, மற்றொன்று மிரட்டுவது. இரண்டையும் செய்து செய்து அவர்கள் ஓய்ந்துபோகிறார்கள், நோயோ வளர்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பாரிஸில் கண்ட காட்சி இன்றைய நம் வீட்டுச் சமையலறையிலும் மாறாமல் இருக்கிறதல்லவா?

புலிமியாவுக்குப் பெயர் வந்தது மிகவும் பிந்தி. 1979-இல் லண்டனைச் சேர்ந்த ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் முப்பது நோயாளிகளைக் கண்டு அதை விவரித்து எழுதினார். 1983-இல் அமெரிக்கப் பாடகி காரன் கார்ப்பென்டர் தம் முப்பத்திரண்டாம் வயதில் அனோரெக்சியாவின் விளைவாக இறந்தபோதுதான் உலகம் முழுவதும் சாதாரண மக்கள் இந்நோயின் பெயரைக் கேள்வியுற்றார்கள்.

முப்பத்தாறு இளைஞர்கள்

'சாப்பிட்டால் சரியாகிவிடும், பிடிவாதம் பிடிக்கிறாள்' என்பது பெற்றோர் பலரின் எண்ணம். இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. அது நோயாளிகளைப் பற்றியதன்று. உடலும் மனமும் நலமாயிருந்த ஆண்களைப் பற்றியது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடினர். அவர்களுக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்த இளைஞர்களுள் முப்பத்தாறு பேர் தாமே முன்வந்தனர். உடல்நலத்தையும் மனநலத்தையும் நன்கு சோதித்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பன்னிரண்டு வாரம் வழக்கமான உணவு. அடுத்த இருபத்து நான்கு வாரம், உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், ரொட்டி, மக்கரோனி ஆகியவை கொண்ட குறைந்த உணவு. அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள்.

நடந்ததைக் கவனியுங்கள். நாடித் துடிப்பு மெதுவாயிற்று. கோடையிலும் குளிர்ந்தது. தலைமுடி உதிர்ந்தது. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்துபோனார்கள். படிப்பில் மனம் நிலைக்கவில்லை. பகலெல்லாம் உணவைப் பற்றியே நினைவு. இதுவரை அடுப்படிப் பக்கமே போகாத இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஒரு கவளத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உண்டார்கள், தட்டை நக்கினார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோதோ சிலருக்கு வயிறு நிரம்பியும் பசி அடங்கவில்லை. உள்ளம் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காயிற்று. இவையனைத்தையும் கீஸ் 1950-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்.

பசி வந்தால் மானம், கல்வி, அறிவுடைமை முதலிய பத்தும் மனிதனை விட்டுப் போய்விடும் என்று ஔவையார் நல்வழியில் பாடியிருப்பதை நாம் படித்திருக்கிறோம். ஔவையார் கண்ட உண்மையை மின்னசோட்டா இளைஞர்கள் தம் உடலில் பட்டு அறிந்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் பெரிது. உண்ணல் கோளாறுள்ள ஒரு மாணவியின் எரிச்சல், ஒதுக்கம், மறைத்தல், உணவைத் துண்டு துண்டாக்கி அலைக்கழித்தல், தான் உண்ணாமல் பிறருக்குச் சமைத்துப் போட விரும்புதல் ஆகியவற்றை அவளுடைய குணம் என்று எண்ணுகிறோம். அவற்றுள் பல அவளுடைய குணமல்ல, பட்டினியின் குணம். நலமான ஆண்களுக்கும் பட்டினி அதையே செய்தது. ஆகவே அறிவுரை சொல்லி அவள் மனத்தை முதலில் மாற்றி, பிறகு உண்ணவைக்கலாம் என்று காத்திருப்பது தலைகீழான முறை. பட்டினியில் கிடக்கும் மூளை அறிவுரையை வாங்கிக்கொள்ளாது. உணவே முதல் மருந்து.

ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. அந்த இளைஞர்கள் உணவுக்கு ஏங்கினார்கள், கிடைத்தபோது உண்டார்கள். இந்நோயுள்ள பெண்ணோ உணவைக் கண்டு அஞ்சுகிறாள். கைகால் கட்டிக் கிணற்றோரம் நிறுத்தியவரைப்போல, சோற்றுத் தட்டின் முன் அவள் நடுங்குகிறாள். அந்த அச்சம் நடிப்பன்று.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. பல நூல்கள் சேர்ந்து ஒரு முடிச்சு விழுகிறது.

முதல் நூல் பிறப்பு. 2019-இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து, ஏறக்குறைய பதினேழாயிரம் அனோரெக்சியா நோயாளிகளின் மரபணுக்களை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டார்கள். நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டார்கள். மனத்தின் இயல்போடு மட்டுமன்றி, உணவை உடல் பயன்படுத்தும் முறையோடும் இந்நோய்க்குத் தொடர்பு உண்டென்று அதனால் தெரியவந்தது. 'வளர்ப்புச் சரியில்லை' என்று தாயைப் பழிக்கும் வழக்கத்தை இனியேனும் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது இயல்பு. எதிலும் குறையே இருக்கக்கூடாது என்று தன்னை வருத்திக்கொள்ளும் பிள்ளைகள், கவலைப்படும் சுபாவமுள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நாம் 'நல்ல பிள்ளை' என்று அழைப்பவர்களே பெரும்பாலும் இவர்கள்.

மூன்றாவது சூழல். பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவில் நாட்ரோகா என்னும் பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அங்கே பழைய வழக்கப்படி உடற்கட்டுள்ள பெண்ணே அழகி. நன்றாக உண்ணச் சொல்வதே அன்பு. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் தொலைக்காட்சி வந்த சமயத்திலும், மூன்று ஆண்டு கழித்து 1998-லும், பள்ளி மாணவியரிடம் விசாரித்தார். முதல் முறை, எடையைக் குறைப்பதற்காக உண்டதை வலிந்து வெளியேற்றிய மாணவி ஒருத்தியும் இல்லை. இரண்டாம் முறை, நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு செய்ததாகச் சொன்னார்கள். ஒரு பெட்டிக்குள் தெரிந்த படங்கள் மூன்றே ஆண்டில் இதைச் செய்திருக்குமானால், திருத்திய படங்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு உறங்கும் இன்றைய மாணவியரைப் பற்றி என்ன சொல்ல!

நான்காவது நூல் நம் நாக்கு. 'குண்டு', 'ஒல்லிக்குச்சி', 'இப்படி இருந்தால் யார் கட்டிக்கொள்வார்?' என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் விளையாட்டாகச் சொல்லும் சொற்கள் பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஆணிபோல் இறங்குகின்றன. பட்டினி கிடந்து எடை குறைக்கும் முயற்சியே பலருக்கு இந்நோயின் வாசற்படியாக அமைகிறது.

அடையாளங்கள்

பெற்றோரும் ஆசிரியைகளும் விடுதிச் சகோதரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. எல்லோருடனும் உண்பதைத் தவிர்த்தல். 'அப்போதே சாப்பிட்டுவிட்டேன்' என்று அடிக்கடி சொல்லுதல்.
2. சோறு, எண்ணெய், இனிப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போதல்.
3. உண்டவுடன் குளியலறைக்குச் சென்று நெடுநேரம் இருத்தல்.
4. காய்ச்சலிலும் களைப்பிலும்கூட உடற்பயிற்சியை விட மறுத்தல்.
5. எப்போதும் குளிர்தல், முடி உதிர்தல், தலைசுற்றல், மலச்சிக்கல்.
6. மாதவிடாய் தவறுதல் அல்லது நின்றுபோதல்.
7. கன்னங்களின் கீழ் வீக்கம், பல் கூச்சம், பல்லின் மேற்பூச்சு தேய்தல்.
8. கண்ணாடி முன் நெடுநேரம் நிற்றல், அல்லது கண்ணாடியையே வெறுத்தல்.
9. தோழியரை விட்டு விலகுதல்; சிரிப்பு மறைதல்.

இவற்றுள் ஒன்றிரண்டு இருந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பல சேர்ந்து தொடர்ந்தால் தாமதிக்கலாகாது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடுமையான தளர்ச்சி, வாந்தியில் இரத்தம், 'வாழப் பிடிக்கவில்லை' என்ற பேச்சு ஆகிய இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏனெனில் இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். மனநோய்கள் என்று சொல்லப்படுபவற்றுள் மிகுதியான இறப்பை உண்டாக்குபவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. பட்டினியில் இதயத் தசையும் மெலிகிறது. உண்டதை வெளியேற்றுவதால் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைந்து, இதயம் தாளம் தப்பி நின்றுவிடவும் கூடும். எலும்பு உறுதிபெற வேண்டிய வயதில் அது உறுதி இழக்கிறது.

நோன்பும் நோயும்

இனி, நம் பள்ளிக்கு மிகவும் நெருங்கிய செய்திக்கு வருகிறேன். என் மாணவியின் நோய் தவக்காலத்தின் போர்வையில் ஒளிந்துகொண்டது. நோன்பு அந்நோயைக் கொண்டுவரவில்லை. மறைத்துக்கொள்ள இடம் கொடுத்தது.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனக் கடமை பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு. உணவைக் குறைக்கும் நோன்புக் கடமையோ பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே உரியது. அறுபதாம் வயது தொடங்கியதும் முடிகிறது. அந்த நோன்பும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்களுக்கே. நோயுற்றவர்களை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியருள் ஏறக்குறைய எவருக்கும் நோன்புக் கடமை இல்லை! வளரும் உடலுக்கு உணவு தேவை என்பதைத் திருச்சபைத் தாயும் அறிந்திருக்கிறாள்.

சியென்னா நகர்ப் புனித கத்தரீனம்மாளின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. 1347-இல் பிறந்து 1380-இல் முப்பத்து மூன்றாம் வயதில் இறந்த இப்புனிதை, இளமையிலேயே உணவை மிகக் குறைத்துக்கொண்டார். பின்னாளில் உண்ண நினைத்தபோதும் அவரால் உண்ண முடியவில்லை. இதைப்பற்றிக் கவலையுற்ற துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் நிலையைப் பெருமையாக அவர் சொல்லவில்லை. தாம் உண்ண முயல்வதாகவும், இதை ஒரு நோயாகவே கருதுவதாகவும், மற்றவர்களைப்போல் உண்ணும் அருளுக்காக வேண்டுவதாகவும் எழுதினார். அவர் பட்டதும் இன்றைய அனோரெக்சியாவும் ஒன்றுதானா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் உண்ண முடியாமையைப் புண்ணியம் என்று அவரே கொள்ளவில்லை என்பது நமக்குப் போதும்.

நோன்பையும் நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? நோன்புக்கு முடிவு நாள் உண்டு, நோய்க்கு இல்லை. நோன்பிருப்பவர் திருநாளன்று மகிழ்ச்சியோடு உண்பார். நோயாளி திருநாளை எண்ணியே அஞ்சுவார். நோன்பு பிறரிடம் நம்மைக் கொண்டுசேர்க்கும். நோய் எல்லோரிடமிருந்தும் பிரிக்கும். நோன்பை நிறுத்து என்று பெரியவர்கள் சொன்னால் நிறுத்த முடியும். நோயை அவ்வாறு நிறுத்த முடியாது. ஐயம் எழுந்தால் ஆன்ம குருவிடமோ சகோதரிகளிடமோ சொல்லுங்கள். தவக்காலத்தில் ஒறுத்தல் செய்ய விரும்பும் மாணவி தன் நாவின் கடுஞ்சொல்லை ஒறுக்கட்டும், மதிய உணவையன்று.

மீளும் வழி

இந்நோயிலிருந்து மீள முடியுமா? முடியும். ஆனால் காய்ச்சல் இறங்குவதுபோல் ஒரு வாரத்தில் இறங்காது.

முதற்படி மருத்துவர். எடையோடு நாடி, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள உப்புகள், இதயத்தின் ஓட்டம் ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சட்டென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் மிகவும் மெலிந்தவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் படி ஒழுங்கான உணவு. நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி என்று நேரம் தவறாமல் உண்பது. புலிமியா உள்ளவர்களுக்கும் இதுவே அடிப்படை. பகலெல்லாம் பட்டினி கிடப்பதுதான் இரவில் கட்டுமீறி உண்ணவைக்கிறது. பட்டினி நின்றால் பாதிப் போராட்டம் ஓய்ந்துவிடும். அச்சமூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து மாற்றக் கற்பிக்கும் உளவியல் சிகிச்சையும் இதனோடு சேர்ந்து நல்ல பயன் தருகிறது.

மூன்றாம் படி குடும்பம். இங்கே மருத்துவ வரலாற்றில் ஓர் அழகிய திருப்பம் உண்டு. நோய்க்குப் பெயரிட்ட சர் வில்லியம் கல், உற்றார் உறவினரே இவர்களைப் பார்த்துக்கொள்ள மிகவும் தகுதியற்றவர்கள் என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பெற்றோரை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில், மருத்துவமனை விட்டு வீடு திரும்பும் எண்பது நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தனியே. 1987-இல் முடிவு வெளிவந்தது. இளவயதில் நோய் கண்டு, மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குடும்பச் சிகிச்சையே மேலான பலன் தந்தது. இன்று வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் முறை அதுவே. சில காலம் பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கிறார்கள். பிள்ளை தேறத்தேறப் பொறுப்பை அவளிடமே திருப்பித் தருகிறார்கள்.

என் மாணவியின் தாயார் இந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டவர் அல்லர். மருத்துவமனையிலிருந்து வந்தபின், டாக்டர் சொன்ன அளவு உணவை வேளை தவறாமல் வைத்துக்கொண்டு மகளருகே அமர்ந்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. "மருந்துன்னு நினைச்சுக்கோம்மா. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்பார். இரண்டு இட்லிக்கு ஒரு மணி நேரமானதுண்டு. தட்டு சுவரில் பட்டு விழுந்த நாளும் உண்டு. அன்று அவர் தரையைத் துடைத்துவிட்டு, வேறு தட்டில் போட்டுக்கொண்டு வந்து மீண்டும் அமர்ந்தாராம். ஓராண்டுக்கு மேல் அவ்வாறு அமர்ந்தார். பின்னொரு நாள் அந்த மாணவி என்னிடம் சொன்னாள்: "டீச்சர், சாப்பிடச் சொல்லிப் பலபேர் சொன்னாங்க. கூட உட்கார்ந்தது எங்கம்மா மட்டும்தான்."

எல்லோருக்கும் இவ்வளவு விரைவில் குணமாவதில்லை. ஆயினும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. அமெரிக்காவில் அனோரெக்சியா கண்ட பெண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டு கழிந்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர் முழுக் குணமடைந்திருந்தனர். இருபத்திரண்டு ஆண்டு கழிந்தபோதோ ஏறக்குறைய 63 பேர்! பத்தாண்டு நோயுற்றவரும் மீளலாம் என்பதை இது காட்டுகிறது.

மூன்று வேண்டுகோள்கள்

பெற்றோருக்கு: பிள்ளையின் உடலைப் பற்றிப் பேசாதீர்கள், பிறர் உடலைப் பற்றியும் பேசாதீர்கள். 'இளைத்துவிட்டாய்' என்பதும் வேண்டாம். தேறி வரும்போது 'உடம்பு போட்டுவிட்டாய்' என்பதும் வேண்டாம். நாளில் ஒரு வேளையாவது குடும்பமாகச் சேர்ந்து உண்ணுங்கள். மனநல மருத்துவரிடம் செல்வதை இழுக்காக எண்ணாதீர்கள். மைய அரசின் டெலி மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசி உதவி 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தோழியருக்கு: உங்கள் தோழி உண்பதில்லை என்று தெரிந்தால் இரகசியம் காக்காதீர்கள். அவளிடம் அன்பாகச் சொல்லிவிட்டு, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் தெரிவியுங்கள். அது கோள் சொல்வதன்று. அவள் சில நாள் உங்களோடு பேசாமல் இருக்கலாம், உயிரோடு இருப்பாள்.

இதைப் படிக்கும்போது 'இது என்னைப் பற்றியது' என்று நெஞ்சு படபடக்கும் மாணவிக்கு: மகளே, நீ கெட்டவள் அல்லள், பிடிவாதக்காரியும் அல்லள். உனக்கு வந்திருப்பது ஒரு நோய்; அதற்கு மருந்து உண்டு. இன்றே ஒருவரிடம் சொல். எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தை விரித்து அவர் முன் வைத்துவிடு. அதுவே போதும்.

நற்செய்தியில் யாயீர் என்பவரின் மகளைப் பற்றிப் படிக்கிறோம். அவளுக்கு வயது பன்னிரண்டு. நம் ஏழாம் வகுப்பு மாணவியின் வயது. இறந்துவிட்டாள் என்று எல்லோரும் அழுதுகொண்டிருந்த வீட்டில் ஆண்டவர் நுழைந்து, அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் எழுந்து நடந்தாள். கூடியிருந்தவர்கள் மலைத்து நிற்க, ஆண்டவர் அடுத்துச் சொன்னது மிகவும் எளிய காரியம்: அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்தார். உயிர் கொடுத்தவர் சோற்றை மறக்கவில்லை.

அன்று நான் கை தட்டச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, அவளருகே உட்கார்ந்திருக்க வேண்டும்.